முட்டைகளை எடுத்தது யார்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்கு மர்மப் புத்தகம் வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். கதையில் ஒரு திருட்டு நடக்கும். பிள்ளைகள் கை தூக்கி ஒருவரைத் திருடன் என்று சொல்ல வேண்டும். அந்த ஆளின் பக்கத்தைத் திருப்பினால் அவர் புத்தகத்துக்குள் போய்விடுவார். போன வாரம் சாக்பீஸ் திருடியதாக ஒரு காக்காய் போனது. யாரும் தேடவில்லை.

அன்றைய பாடம், சத்துணவு முட்டைகளை எடுத்தது யார்.

புத்தகத்தில் மூன்று பேரைக் கொடுத்திருந்தார்கள். சமைக்கிற செங்கமலம் அக்கா. வாட்ச்மேன் தாசையா. என் வகுப்புப் பானு. அவள் தினமும் இன்னொரு முட்டை கேட்பாள்.

தலைமையாசிரியர் அருமைநாதன் சார் பாடத்தைப் பார்வையிட வந்தார். சட்டைப் பை, பேன்ட் பை எல்லாம் முட்டை. உட்கார்ந்தால் உடையும் என்று நின்றுகொண்டே இருந்தார்.

“சார்தான் எடுத்தாரு டீச்சர்,” என்றாள் பானு.

“சார் பேரு புத்தகத்துல இல்லம்மா.”

“முட்டை தெரியுதே.”

நான் சாரிடம் திரும்பினேன். “ஒரு பக்கம் சேர்த்துக்கலாமா சார்?”

“புத்தகத்துல இல்லாதது பாடத்துல இல்ல டீச்சர்,” என்றார். குரலில் கோபமே இல்லை.

யாரும் கை தூக்கவில்லை. கை தூக்காமல் பாடம் முடியாது. பாடம் முடியாமல் மணி அடிக்காது. மதியம் அப்படியே நின்றுவிட்டது. வகுப்பறை நீண்டுகொண்டே போனது. கடைசி பெஞ்சு எறும்பு வரிசை மாதிரித் தெரிந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற அம்மாக்களுக்குத் தலை நரைத்தது. பிள்ளைகளுக்குப் பசி மட்டும் வளர்ந்தது.

செங்கமலம் அக்கா வாசலுக்கு வந்தாள். “என் பேரையே சொல்லித் தொலைங்க கண்ணுங்களா. சோறு ஆறுது.”

“நீங்க எடுக்கலையேக்கா,” என்றாள் பானு.

“அது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு என்ன பண்றது?”

பானு எழுந்து தட்டை எடுத்துக்கொண்டாள். “நான்தான் எடுத்தேன்.”

“பொய் சொல்லாத,” என்றேன்.

“எல்லாருக்கும் பசிக்குது டீச்சர்.”

சார் அவள் பக்கத்தைத் திருப்பினார். அவள் வாய்க்காலில் இறங்குவது போலப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். மணி அடித்தது.

ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. முதல் பெஞ்சிலிருந்து ரோஸ்லின் எழுந்து, “நானும்தான் எடுத்தேன்,” என்றாள். பிறகு அவளோட இரட்டைத் தம்பி. பிறகு பெஞ்சு பெஞ்சாகச் சொல்லிச் சொல்லி உள்ளே இறங்கினார்கள். பக்கம் மூடிக்கொள்ளாமல் சார் விரலால் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் செங்கமலம் அக்கா சோற்றுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். “பிள்ளைங்க சாப்பிடணும்ல,” என்று அவளும் இறங்கிவிட்டாள்.

நான் செருப்பைக் கழற்றினேன். “நானும்தான் எடுத்தேன்,” என்று பக்கத்தின் மேல் கால் வைத்தேன். உள்ளே இறங்கவில்லை, வெறும் காகிதம். மற்றக் காலையும் வைத்தேன். காகிதம்தான். கீழே தட்டுகள் ஓசையிட்டன. பானு எதற்கோ சிரித்தாள்.

“பாடப் புத்தகத்தை மிதிக்காதீங்க டீச்சர்,” என்றார் சார். வராண்டாவில் மூன்றாம் வகுப்பை வரிசையாக நிறுத்தியிருந்தார்.

புத்தகத்தை விட்டுத் தரையில் இறங்கினேன். பக்கத்தில் பதிந்த என் கால் தடத்தை முந்தானையால் துடைத்தேன். பிள்ளைகள் உள்ளே வந்து, “வணக்கம் டீச்சர்,” என்றார்கள்.