நல்லரத்தினத்தின் கையைத் தூக்குதல்

1

இந்தக் கதை என் கழுத்தில் தொடங்கியது. குனிந்து எழுதி எழுதி அது ஒரு பக்கம் திரும்ப மறுத்தபோது, காத்தான்குடியில் ஒரு சின்ன இயன்மருத்துவ நிலையத்துக்குப் போனேன். அங்கே நஸ்ஹா என்ற இயன்மருத்துவர், கழுத்தைத் தொடுமுன்பே நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி, எவ்வளவு நேரம் அசையாமல் இருப்பீர்கள் என்று விசாரித்தார். எழுத்தாளன் என்றேன்.

"அப்ப கழுத்து வருத்தம் விளங்குது."

இடைக்கிடை எழும்பி நடக்கச் சொன்னார். இங்கே எண் மாறும் இடமெல்லாம் நான் எழும்பி நடந்த இடம். இலக்கிய உத்தி என்று யாரும் ஆராய வேண்டாம்.

2

நஸ்ஹாவை வைத்து ஒரு கதை எழுதலாம் என்று தோன்றியது. நோயாளியை நானே உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: 'மட்டக்களப்பு வாவியின் மேல் விடியல் தன் பொற்...' வேண்டாம். அந்த விடியலைப் பலர் பாவித்துத் தேய்த்துவிட்டார்கள்.

அடுத்தது: ஆரையம்பதி நல்லரத்தினம் வாவியில் வலை வீசுகிறவர். நீரிழிவும் உண்டு; வலது தோள் இறுகி, கை மேலே போகவில்லை. மனைவி கேதீஸ்வரி அவரை நஸ்ஹாவிடம் கூட்டிவருகிறார். இது போதும்.

3

"தோள் நோகுது எண்டு வந்தா, ராவைக்கு என்ன சாப்பாடு எண்டு கேக்கிறீங்க மகள். எண்ணெய் போட்டு உருவி விட்டாச் சரிதானே?"

"சீனி வருத்தம் இரிக்கிற ஆக்களுக்குத்தான் ஐயா தோள் இப்பிடிக் கூட இறுகிற. உருவினா மட்டும் காணாது. குளிசை, சாப்பாடு, நித்திரை, நடை எல்லாம் சேந்துதான் வைத்தியம்."

(இங்கே நஸ்ஹா இரண்டு பக்கம் பேசினார். வெட்டிவிட்டேன். சொன்னதெல்லாம் சரி. ஆனால் கதைக்குள் சரியான ஆள் நெடுநேரம் பேசினால் வாசகர் எழும்பிப் போய்விடுவார்.)

"தேத்தண்ணிக்குச் சீனி?"

"கோப்பைக்குள்ள ஒரு துளியும் போடுறல்ல."*

கேதீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. "கோப்பைக்குள்ள இல்லதான் மகள். உள்ளங்கையில கொட்டி வைச்சி, ஒரு நக்கு, ஒரு மிடறு!"

"அப்ப கை வாய் வரைக்கும் வருகுது," என்றார் நஸ்ஹா. "மேல போறதுதான் மிச்சம்."

மூவரும் சிரித்தார்கள்.

* எங்கள் பக்கத்தில் வெறுந்தேத்தண்ணியை இப்படிக் குடிப்பவர்கள், சீனி போடாமல் குடிப்பதாகக் கோயிலில் நின்றும் சத்தியம் செய்வார்கள்.

4

இதுவரை அவரை வைத்து வேடிக்கை காட்டினேன். பிறகு நஸ்ஹா நித்திரையைப் பற்றிக் கேட்டார்.

"ரதீஸ் மீன் கொண்டு வாறான்," என்றார் நல்லரத்தினம். ரதீஸ் அவரோடு வலை வீசுகிறவர். "கறிக்கெண்டு மணலை மீன் கொண்டாந்து வைக்கிறான். நல்ல மனிசன். ஆனா இது ஊருக்குக் குடுத்த கை மகள். இப்ப வாங்குது. அத நினைச்சாக் கண் மூடுதில்ல."

இந்த வரிகளை எழுதியபோது எழும்பி நடக்கவும் மறந்துவிட்டேன்.  நஸ்ஹா, சுவரில் விரல்களை ஒவ்வொன்றாக ஏற்றிக் கையை உயர்த்தும் பயிற்சியைக் காட்டினார். விடிய எழும்பி நடக்கவும் சொன்னார்.

அவர் நடந்தார். ஆனால் ஆரையம்பதியில் மேற்கே வாவி, கிழக்கே கடல். நாள் தவறாமல் கடல் பக்கமே போனார். வாவிக்குப் போனால் மற்றவர்கள் வீசுவதைப் பார்க்க வேண்டுமே! அதையும் கேதீஸ்வரிதான் போட்டுக்கொடுத்தார்.

"ஒரு நாளைக்கு வாவிப் பக்கம் கிறுகி நடங்க ஐயா," என்றார் நஸ்ஹா.

5

முடிவு ஒன்று: ஒரே மாதத்தில் வலை வட்டமாக விரிகிறது. நஸ்ஹாவிடம் வாசித்துக் காட்டினேன். "இந்தத் தோளுக்கு வருசக்கணக்கும் எடுக்கும். இத வாசிச்சிட்டு வாறவங்களுக்கு ஆரு பதில் சொல்ற, நீங்களா?"

முடிவு இரண்டு: வலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அவர்... கிழித்துவிட்டேன். சீனியை விட்டு, ஒழுங்காகக் குளிசை போட்டு, சுவரோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு அப்படி ஒரு முடிவு வைக்க நான் யார்?

6

சில மாதம் கழித்து ஒரு காலை, நல்லரத்தினம் கிறுகி நடக்கிறார். வாவியில் ரதீஸ் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்.

"அண்ணன், ஒருக்காப் பிடிங்க."

நீட்டியது மீன் இல்லை, வலை. நல்லரத்தினம் தண்ணீரில் இறங்கி அதை வாங்குகிறார். கை மெல்ல எழும்பித் தோள் மட்டத்தில் நிற்கிறது.

இதற்கு மேல் நான் தூக்கினால் நஸ்ஹா கோபிப்பார். கீழே விட எனக்கு மனமில்லை. ஆகவே இந்தக் கையை உங்களிடம் தருகிறேன். பிடித்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு இழுத்துவிடாதீர்கள், அவருக்கு நோகும்.