முன்னிலை ஒருமை

நான் டைப்பிங் சொல்லிக்கொடுத்த இன்ஸ்டிடியூட்டுக்கும் சக்கரபாணி சார் இங்கிலீஷ் நடத்திய டுடோரியலுக்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். தேரடித் தெருவில் பாத்திரக் கடைக்கு மேல் மாடி. இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. எழுபத்தி நாலாம் வருஷம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்ட பையன்கள் அந்தப் பக்கம் ஒப்பிப்பது, இந்தப் பக்கம் என் மெஷின்களின் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

சார் கையில் இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்து இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். மெட்ராஸ் பையன்களுக்காக அச்சடித்தது. தமிழ் அர்த்தமும் கூடவே இருக்கும். பழைய பேப்பர் கடையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மடிக்கக் கிழிபட இருந்ததை மீட்டுக்கொண்டு வந்திருந்தார். ‘துரையே, பல்லக்கு காத்திருக்கிறது’ என்று சொல்வது எப்படி என்றெல்லாம் அதில் பாடம். நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் பல்லக்கா நிற்கிறது? எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் வினைச்சொல் பாடம் வந்தால் மெஷினிலிருந்து கையை எடுத்துவிடுவேன். அந்தக் காலத்து ஆளுக்கு உதாரணம் காட்ட வேறு வினையே கிடைக்கவில்லை போலும். எடுத்த எடுப்பிலேயே லவ்.

“ஐ லவ். நான் நேசிக்கிறேன். தௌ லவெஸ்ட். நீ நேசிக்கிறாய்.”

சாருடைய குரல். பையன்கள் கொல்லென்று சிரிப்பார்கள். ஆமாம், நேசிக்கிறேன், இப்ப அதுக்கென்ன என்று பலகையைப் பார்த்துச் சொல்லத் தோன்றும் எனக்கு.

தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் எல்லாம் ‘ங்க’தான். நகலெடுக்க வினாத்தாளை ஸ்டென்சிலில் அடித்து வாங்க வருவார். “ஏங்க வேதா, கொஞ்சம் டைம் இருக்குங்களா?” என்பார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வார். நான் வேண்டுமென்றே இன்னும் மெதுவாக அடிப்பேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “அதென்ன சார் தௌ?”

“அது நம்ம ‘நீ’ மாதிரிங்க. யூன்னா ‘நீங்க’. மொதல்ல ராஜாவுக்கு மட்டும் யூ சொன்னாங்க. அப்புறம் பெரிய மனுஷங்களுக்கு. போகப்போக எல்லாருக்கும் யூ ஆயிடுச்சி. தௌ சாமிக்கு மட்டும் மிச்சம்.”

“அய்யய்ய! அப்ப பொண்டாட்டிய எப்படி சார் கூப்புடுவான் வெள்ளக்காரன்?”

“யூன்னுதாங்க. நல்லதுதானேங்க?”

நல்லதாம்! எனக்குக் காது சுட்டது. “நான் உங்களவிட சின்னவதானே சார். என்ன நீன்னே கூப்புடுங்களேன்.”

அவர் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நாக்கு வரலீங்க” என்றார்.

வெட்கத்தை விட்டுக் கேட்டவளுக்கு இதுதான் பதிலா? அன்று சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போனேன். சாமியிடம் யார் ‘நீங்க’ போடுகிறோம்? நீ பார்த்துக்கோ அண்ணாமலையாரே, என்னைக் கட்டிக்கப்போறவர் வாயால் என்னை ‘நீ’ன்னு கூப்பிட வை என்று சண்டை பிடிக்காத குறையாக வேண்டிக்கொண்டேன்.

தை மாதம் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மல்லாட்டை வியாபாரம், சொந்த வீடு. அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சார் ஒரே ஒரு ‘நீ’ சொல்லட்டும், வீட்டில் முடியாது என்று சொல்லிவிட வேண்டியது, அதற்குமேல் யார் என்ன செய்தாலும் சரி என்று முடிவெடுத்தேன்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சார் ஸ்டென்சிலுக்கு வந்தார்.

“நாளைக்கு என்னப் பொண்ணு பாக்க வராங்க சார்.”

“அப்படீங்களா” என்றார். பிறகு உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். “ஐ லவ். யூ லவ். ஹி லவ்ஸ்.”

“தௌ எங்க சார்?”

“மொதலாளி எடுத்துடச் சொல்லிட்டாருங்க. பரீட்சைக்கு வராதாம்.” தொண்டையைச் செருமினார். “இப்ப அது வழக்குலயும் இல்லீங்க.”

நான் அடித்த அடியில் ஸ்டென்சில் கிழிந்தது. போய்யா, நீயும் உன் இலக்கணமும் என்று மனசுக்குள் திட்டினேன். மறுநாள் கீழ்பென்னாத்தூருக்குச் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

எண்பத்தி மூணில் ஒரு பிரதோஷம். மழை விட்டிருந்தது. கோயில் குளத்துப் படியருகே, “பாத்து எறங்குங்க, வழுக்குது” என்ற குரல் கேட்டதும் என் கால் அப்படியே நின்றுவிட்டது. அவரேதான். காதோரம் நரைத்திருந்தது. கையைப் பிடித்து அவர் இறக்கிக்கொண்டிருந்த பெண்ணை யாரோ மரியாதை கொடுக்க வேண்டிய உறவுக்காரி என்று நினைத்தேன்.

“வேதாங்களா!” என்றார். முகம் மலர்ந்துவிட்டது. “இவங்க என் வூட்டுக்காரங்க, ஆதிலட்சுமி. ரெண்டு பேரும் பேசினு இருங்க, பிரசாதம் வாங்கியாந்துடறேன்.”

அவர் நகர்ந்ததும் அந்த அம்மாள் சிரித்தாள். “பாத்தீங்களா, கட்டின பொண்டாட்டிய வாங்க போங்கன்றாரு. எங்க தெருவே சிரிக்குது. கேட்டா, மனசுக்கு ரொம்பப் புடிச்சவங்கள ‘நீ’ங்கறதுக்கு நாக்கு வரலன்றாரு.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாக்கு வரலீங்க. அடி பைத்தியக்காரி, அன்றைக்கே வாயைத் திறந்து மனசைச் சொல்லிவிட்டாரே, வேறு எதற்காகக் காத்திருந்தாய்? பென்சிலைத் திருப்பிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அந்த நாற்காலிக்கு உடனே ஓடிப் போகவேண்டும்போல இருந்தது. பலகைத் தடுப்பு, மாடி எல்லாவற்றையும் இடித்து லாட்ஜ் கட்டியாகிவிட்டது.

பிரசாதத்தில் பாதியைப் பிட்டு என் கையில் வைத்தார். “ஜாக்கிரதையா போங்க, வேதா.”

“வரேங்க” என்றேன்.

ராஜகோபுரத்துக்கு வெளியே என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் கத்தினார்.

“எங்கடி போய்த் தொலஞ்ச நீ? பஸ்ஸு போயிட்டா நீயா என்னத் தூக்கினு போவப்போற? உன்னத்தான், காதுல வுழுதா நீ?”

விழுந்தது. வேண்டிக்கொண்டதை ஒரு எழுத்து குறையாமல் கொடுத்திருந்தார் அண்ணாமலையார்.