முள்ளில்லாத ரோஜாவின் பன்னிரண்டு குச்சிகள்

சித்தனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் குழாயடியில் வாய் கோணி விழுந்தவரைச் சேலத்துக்குக் கொண்டுபோய், ஆறு நாள் வைத்திருந்து வெள்ளக்கடைக்குத் திருப்பி அழைத்து வந்தார்கள். வலது கையும் காலும் போயிருந்தன. அறுபது வருஷம் பேசிய பேச்சில் ‘ஆமா’ மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. பசிக்கிறதா என்றாலும் ஆமா, பசிக்கவில்லையா என்றாலும் ஆமா. வேண்டாம் என்று நினைத்து வாயைத் திறந்தாலும் அதுதான் வந்து விழுந்தது. தலையை ஆட்டிப் பார்த்தார். எந்தப் பக்கம் ஆட்ட நினைத்தாரோ அந்தப் பக்கம் ஆடவில்லை. சோற்று விஷயத்தில் அந்த ஆமாவை அவர் மனைவி மருதாயி நம்புவதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் பரிமாறுவாள். செடி விஷயத்தில் மட்டும் வீட்டில் எல்லாரும் அவர் வாயை நம்பினார்கள். வினை அங்கேதான் இருந்தது.

சித்தன் முப்பத்திரண்டு வருஷம் ஓர் எஸ்டேட் பங்களாவில் தோட்டக்காரர். அந்த பங்களா கேட்டின் மேல் ஒரு ரோஜாக்கொடி படர்ந்திருந்தது. மருந்துக்குக்கூட அதில் முள் இருக்காது. பனி விலகுகிற காலத்தில் பட்டன் அளவுப் பூக்கள் கொத்துக்கொத்தாக வெண்ணெய் நிறத்தில் பூக்கும். பங்களா அம்மா ஒருவருக்கும் ஒரு குச்சி கொடுத்ததில்லை. காப்பிக்கொட்டை காயப்போடப் போன மருதாயி அதைப் பார்த்துவிட்டு, கல்யாணமான வருஷமே நம் வீட்டு வாசலுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தாள். கத்தரி எந்நேரமும் கையில் இருந்தும் ஒரு குச்சி திருடத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் காத்திருக்கத்தான் வேண்டும். காத்திருந்தாள்.

இந்த வருஷம் பங்களா கைமாறியது. காட்டேஜ் கட்டப் போகிறார்கள், திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது, வேண்டியதை எடுத்துக்கொள் என்று எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் சொன்னார். ஞாயிறு சாயங்காலம் சித்தன் பன்னிரண்டு குச்சி வெட்டினார். இலையை எல்லாம் உருவி, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார். மறுநாள் அவர் விழுந்தார். ஜேசிபி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது.

இப்போது அந்தக் குச்சிகளை நடப்போகிறவன் அவர் மகன் பிரபாகர். சேலத்தில் செல்போன் கடையில் வேலை. லீவு போட்டு வந்தவன், அப்பா படுத்திருந்த கட்டிலுக்கு எதிரே வாசலில் உட்கார்ந்து செம்மண்ணும் மணலும் எருவும் கலந்து பன்னிரண்டு பைகளில் நிரப்பினான். பக்கத்தில் மருதாயி தயிர் டப்பாக்களில் போட்ட அவரையும் தக்காளியும் முளைத்து நின்றன. விதைக்குக் கவலையில்லை, எப்படிப் போட்டாலும் வேர் கீழே போய்விடும். குச்சிக்கு நட்டவன் வைத்ததுதான் திசை.

சித்தனுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பனித்தண்ணீர் நின்று அழுகாமலிருக்கக் குச்சியின் மேல்முனையைச் சாய்வாக வெட்டுவார், அடிமுனையை நேராக. பிரபாகர் போனில் பார்த்த வீடியோவிலோ சாய்வுமுனைதான் மண்ணுக்குள் போனது. முள் இருந்தாலாவது அதன் வளைவு எது மேல், எது கீழ் என்று காட்டிக் கொடுத்திருக்கும்.

“அப்பா, சாய்வா வெட்டுன பக்கந்தானுங்களே மண்ணுக்குள்ள போகோணும்?”

இல்லடா இல்லடா என்று சித்தனின் உடம்பெல்லாம் கத்தியது.

“ஆமா,” என்றார்.

“வீடியோவுலயும் அதேதானுங்க.” பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பன்னிரண்டையும் தலைகீழாக நட்டு, அப்பா பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்று கட்டிலை ஒட்டி வரிசையாக வைத்துவிட்டு பஸ் ஏறினான். சித்தனுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறார் என்று மருதாயி துடைத்துவிட்டாள்.

அன்றைக்கே அவள் மலைமேல் இருக்கிற சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். “ஏனுங்க, குச்சி துளுத்துச்சுன்னா நீங்களும் எந்திரிச்சு நடந்துருவீங்க. சாமிகிட்டச் சொல்லிட்டனுங்க.”

மூன்றாவது வாரம் இரண்டு குச்சியில் துளிர் விட்டது. மருதாயி பக்கத்து வீட்டு வனிதாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். துளிர் கீழ்நோக்கிப் பிறந்து, வளைந்து மேலே எட்டிப் பார்த்தது. குச்சிக்குள் மிச்சமிருக்கிற சத்தில் வருகிற துளிர் அது, கீழே வேர் இல்லை என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். பத்து நாளில் இரண்டும் கருகின. ஒவ்வொன்றாக மற்றவையும் கறுத்தன. மருதாயி தண்ணீர் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரே ஒரு குச்சி பாக்கி. அவள் ரேஷனுக்குப் போன நேரம், சித்தன் கட்டிலில் புரண்டு, இடது கையை நீட்டி, அதை உருவிவிட்டார். நகத்தால் கீறினார். இன்னும் பச்சை இருந்தது. நேர்முனை கீழே வரும்படி திருப்பி நடப் பார்த்தார். இடது கைக்கு அந்த வேலை பழக்கமில்லை. பை சாய்ந்து மண் கொட்டியது.

வாசலில் மருதாயி நின்றிருந்தாள்.

“வேண்டாமுன்னு புடுங்கிப் போட்டீங்களா? எந்திரிக்கவே வேண்டாமுன்னு இருக்கீங்களா?”

“ஆமா.”

அரிசிப் பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, சிந்திய மண்ணைப் பைக்குள் அள்ளிப் போட்டு, அவர் விரல்களிலிருந்து குச்சியை மெல்லப் பிரித்து எடுத்தாள். கீறிய இடத்தில் பச்சையைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. முனைகளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சாய்வுமுனையைக் காட்டினாள்.

“இந்தப் பக்கந்தானுங்களே கீழ?”

அந்தக் கணத்தில்தான் சித்தனுக்குப் புரிந்தது, பேசாமல் இருக்கலாம். இத்தனை நாளாக இது தோன்றவே இல்லை. இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டார்.

“ஏனுங்க. சொல்லுங்க.”

அவர் பொத்திய கையை எடுக்கவில்லை. மருதாயி குச்சியைத் திருப்பி நேர்முனையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தால் அவளுக்குப் பிடிபட்டிருக்கும். ஆனால் அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. குச்சியை மடியில் போட்டுவிட்டு அவர் கையை வாயிலிருந்து பிடித்து இழுத்தாள்.

“ஐயோ சாமி, இருந்த ஒரு பேச்சும் போயிருச்சுங்களா? எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க. ஒருக்காச் சொல்லுங்க. ஒரே ஒருக்கா.”

அழுகிறவளை அவர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்?

“ஆமா,” என்றார் சித்தன்.

மருதாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சாய்வுமுனையை மண்ணுக்குள் ஊன்றி, சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி, சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள்.