செவியன் சாய்ந்த பக்கம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றிய கதை அல்ல. தொலைபேசியில் வந்தது.

"சார், செவியனோட கழுத்து சம்பந்தமா உங்ககிட்ட பேசணும்" என்றது ஒரு பெண் குரல்.

என் வயதுக்காரனிடம் தொலைபேசியில் யாராவது கழுத்தைப் பற்றிப் பேசினால் அது ஆஸ்பத்திரியாகத்தான் இருக்கும். "எலும்பு டாக்டரா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். பொம்மைக் கம்பெனி."

வைத்த கையோடு தாளை எடுத்துவிட்டேன். முதல் வாக்கியம் இப்படி:

அண்டவெளியின் அடியாழத்தில், ஒளியும் நுழைய அஞ்சும் ஒரு கருங்குழியின் விளிம்பில்—

அடித்துவிட்டேன். நான் போகாத இடம். அடுத்தது:

தச்சர் செத்து ஆறு வருடம் ஆகிறது.

இது உண்மை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே உங்களைக் கைக்குட்டை தேட வைப்பது நாகரிகம் இல்லை. மூன்றாவது:

கழுத்து என்பது தலைக்கும் உடலுக்கும் இடையே—

இதை முடித்திருந்தால் கட்டுரை ஆகியிருக்கும். ஆகவே ஒரு தையல்காரியின் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அவள் எழுதி வைத்த சட்டம் இல்லை, கை பழகிய சட்டம்: யாருக்கு என்று சொல்லாமல் துணியைக் கொடுத்தால், தன் வீட்டுக்காரர் அளவுக்குத் தைத்துவிடுவது.

2

நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விண்வெளிப் படம் எடுத்தார்கள். படத்தின் பெயர் வேண்டாம். அதை எடுத்தவர்களே அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். அதில் தையல்காரி உடைப் பிரிவில் இருந்தாள். அவள் புருஷன் தச்சர், செட் போடும் பிரிவில். விண்கலத்தை அவர் ஒட்டுப்பலகையில் செய்தார். சாய்ந்து உட்கார்ந்தால் விண்கலம் ஓட்டையாகும் என்பதால் கதாநாயகன் படம் முழுக்க நின்றுகொண்டே ஓட்டினான்.

உடைந்த விண்கலம் ஒன்றில் தொங்கவிட ஒரு வேற்றுக்கிரகப் பிணம் வேண்டும் என்றார்கள். பிணத்துக்கு யார் அளவு கொடுப்பார்கள்? தையல்காரி தன் சட்டப்படி தைத்தாள். தோள் பதினேழரை, கழுத்து பதினைந்தே முக்கால். தலைக்கு, பழைய தெருவிளக்கின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து உள்ளே வெள்ளிப் பூச்சு அடித்தார்கள். கண்ணுக்குத் துளை போடவில்லை. பிணம் எதைப் பார்க்கப் போகிறது?

ஒரே ஒரு துளை ஏற்கெனவே இருந்தது. விளக்குக்கு ஒயர் போன துளை. கவிழ்த்து மாட்டியபோது அது இடது காதுக்கு நேராக வந்து நின்றது.

[அடிக்குறிப்பு: இந்த உலகத்தில் நடக்கும் பெரிய காரியங்களில் பாதி, ஒயர் போன துளையால் நடக்கிறது. மீதிப் பாதிக்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.]

படப்பிடிப்பு அன்று இயக்குநர் தொங்கிய பிணத்தை மூன்று பக்கமும் சுற்றிப் பார்த்தார். "இது நடந்தா நல்லாருக்கும்" என்றார்.

பிணம் நடக்க வேண்டுமானால் உள்ளே ஆள் வேண்டும். ஏழு பேரை நுழைத்துப் பார்த்தார்கள். ஒருவனுக்குத் தோள் இறங்கியது, ஒருவனுக்கு இடுப்பு ஏறவில்லை. ஏணி மேல் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சரை எட்டாவதாகக் கூப்பிட்டார்கள். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது என்று எல்லோரும் வியந்தார்கள். தையல்காரி மட்டும் ஊசிப்பெட்டிக்குள் எதையோ தேடினாள்.

"கண்ணு தெரியலம்மா" என்றது கிண்ணம், பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல்.

"நான் இருக்கேன்ல, நடங்க."

அந்தக் காலத்தில் சத்தத்தைப் பிறகுதான் சேர்ப்பார்கள். ஆகவே கேமராவுக்குத் தெரியாமல், தச்சரின் இடப்பக்கம் ஒட்டியே அவளும் நடந்தாள். அவள் குள்ளம். அவர் நெடியவர். துளை வழியாகக் கேட்க அவர் தலையை இடது பக்கம் சாய்க்க வேண்டியிருந்தது.

"ரெண்டடி வாங்க. நில்லுங்க. கீழ ஒயரு கெடக்கு, காலைத் தூக்குங்க. தூக்குங்கன்னா... தூக்குடா!"

"யாரைடி டாங்கற?"

"முன்னாடி பாருங்க. கேமரா ஓடுது."

"எதைப் பாக்கறது? இருட்டைத்தான் பாக்கணும்."

படத்தில் இது பதினோரு வினாடி. கடைசி இரண்டு வினாடியில் செவியனின், அதாவது நடந்த அந்தப் பிணத்தின், தோள்கள் குலுங்கும். அழிந்துபோன தன் கிரகத்தை நினைத்து அவன் அழுகிறான் என்று இன்று வரை ரசிகர்கள் நம்புகிறார்கள். நாற்பது வயதுக்காரர்கள் அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

கட்டின நாளிலிருந்து அன்றைக்கு ஒருமுறைதான் அவரை அவள் 'டா' போட்டது. அந்தச் சிரிப்பு வீடு போகும்வரை அவருக்கு அடங்கவில்லையாம்.

3

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஆனால் பொம்மைக்கு முன்னமே சொல்லிவைத்திருந்தார்கள். அச்சு செய்தவர் படத்தைப் பார்க்கப் போனபோது தியேட்டரில் வேறு படம் ஓடியது. அவர் கையில் இருந்தது விளம்பரத்துக்கு எடுத்த ஒரே ஒரு புகைப்படம். அதைப் பார்த்து விரல் நீளத்தில் செவியனைச் செய்தார். விற்காமல் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

பிறகு, மழை நாள் மத்தியானங்களில், போடுவதற்கு ஒன்றும் அகப்படாத தொலைக்காட்சிக்காரர்கள் அந்தப் படத்தைப் போட்டார்கள். பள்ளிக்கூடம் போகாமல் ஜுரத்தோடு போர்வைக்குள் கிடந்த பிள்ளைகள் பார்த்தார்கள். ஜுரத்தில் பார்த்தது மறக்காது. அவர்கள் வளர்ந்தார்கள், சம்பாதித்தார்கள், பழைய பொம்மையைத் தேடினார்கள். இப்போது ஒரு செவியனை, பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பவர், பெற்ற பிள்ளையைக்கூட அந்த அறைக்குள் விடுவதில்லை.

இந்த இடத்தில் கதைக்குள் ஒரு வசனகர்த்தா வருகிறார். அந்தப் படத்துக்கு வசனம் எழுதியவர். செவியனுக்கு ஆறு பக்க வசனம் எழுதி, ஒரு சொல்கூடப் படத்தில் வராமல் போனவர். ஏன் தலை சாய்த்திருக்கிறான் என்று ஒரு பத்திரிகையில் கேட்டதற்கு, "அவன் கிரகமே சாய்ந்தது. அங்கே நேராக நிற்பது மரியாதைக் குறைவு" என்று கூசாமல் எழுதியவர். அதிலிருந்து ரசிகர்கள் ஒருவரையொருவர் தலை சாய்த்து வணங்குகிறார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எல்லோரும் அப்படி நின்றார்களாம்; தன் கேமராதான் கோணல் என்று நினைத்த புகைப்படக்காரர் அதைச் சாய்த்துவிட்டார். படத்தில் ஆட்கள் எல்லோரும் நேர், கட்டடம் கோணல்.

வசனகர்த்தாவை எனக்குப் பிடிக்கவில்லை. அவரைக் கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். முடியவில்லை, ஏனென்று பிறகு தெரியும்.

4

தொலைபேசியில் பேசியவள் பொம்மைச் சிற்பி. நாற்பதாம் ஆண்டுக்குப் புதிய செவியனைச் செய்யும் வேலை அவளுடையது. நகத்தில் களிமண், பையில் அளவுக்கோல். தையல்காரியின் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனது— (யார் என்று இப்போதைக்குச் சொல்லவில்லை.)

முன்னறை முழுக்க அடுத்தவர் துணி. ஜிப் மாற்றுவது, கால் நீளம் குறைப்பது. தையல்காரி ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு மேலே, நூல்கண்டுகளுக்கு நடுவில், பழைய செவியன் பொம்மை ஒன்று முதுகைக் காட்டி நின்றது.

"ஏம்மா அது சுவரைப் பாத்து நிக்குது?" என்றாள் சிற்பி.

"மூஞ்சைப் பாத்தா எனக்குக் கோவம் வரும்."

சிற்பி விவரம் சொன்னாள். படத்தை நூறு தரம் பார்த்தவர்கள் தலை இடது பக்கம் சாய வேண்டும் என்கிறார்கள். பொம்மை சேர்ப்பவர்கள், பழைய பொம்மையில் வலது பக்கம்தான், அதுவே சரி என்கிறார்கள். கம்பெனி மேலாளர் இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிட்டார்: தலை நேராக இருக்கட்டும். மற்ற பொம்மைகளுக்குச் செய்த பெட்டியிலேயே இதுவும் அடங்கிவிடும்.

மெஷின் நின்றது.

"நேராவா?"

"ஆமாம்மா."

"நேரா வெச்சா அவருக்கு எப்படிக் கேக்கும்?"

பிறகு அவள் துளை, ஒயர், டா எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, பொம்மையை எடுத்து சிற்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"கையைப் பாரு கண்ணு. எது நீளம்?"

"இடது கை. கொஞ்சூண்டு."

"எங்க வீட்டுக்காரருக்கு வலது கைதான் கால் இஞ்சு கூட. இழைப்புளி தள்ளித் தள்ளி. அவரு சட்டைக்கு நான் எப்பவும் வலது கையைத்தான் நீட்டி வெட்டுவேன். இதுல மாறிக் கெடக்கு. யாரோ போட்டோவைத் திருப்பிப் போட்டுட்டாங்க. நான் நின்னது அவருக்கு இடப்பக்கம். இவரு என்னடான்னா நாப்பது வருஷமா அந்தப் பக்கம் சாஞ்சு எவ பேச்சையோ கேட்டுக்கிட்டு நிக்கறாரு." சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகு சொன்னாள்: "உலகத்துல எத்தனை வீட்ல இருக்காரு. ஒரு வீட்லகூட என் பக்கம் திரும்பல. செத்தப்புறமாவது திரும்பட்டும்னு நெனச்சேன். நேரா வெச்சுட்டா அதுவும் போச்சு."

சிற்பி அளவுக்கோலை எடுத்தாள். "தோள் அளவு இருக்காம்மா? நோட்டு எதுலயாவது?"

"நோட்டு எதுக்கு? பதினேழரை."

5

போட்டோவைத் திருப்பிப் போட்ட அந்த யாரோ, அதே அறையில், ஜிப் போகாத ஒரு கால்சட்டையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

வசனகர்த்தாவைக் கதையிலிருந்து எடுக்க முடியாததன் காரணம் இதுதான். அவர் நான்.

விளம்பரச் சுவரொட்டிக்குப் புகைப்படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. சுவரொட்டியில் வசனம் எழுதியவர் பெயர் ஒரு மூலையில் வந்தது. செவியன் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தான். ஆறு பக்க வசனத்தை வெட்டியவர்கள் மேல் எனக்குக் கோபம். நெகட்டிவைத் திருப்பிப் போடச் சொன்னேன். இப்போது செவியன் குனிந்து என் பெயரைப் படிப்பதுபோல் இருந்தது. பொம்மைக்கு அச்சு செய்தவர் கைக்குப் போனதும் அதே படம்தான்.

நாற்பது வருடம் நான் சொன்ன பொய்களில் ஒன்றுகூட எனக்குத் தொண்டையில் சிக்கியதில்லை. இந்த உண்மை சிக்கியது. இருமலோடு சேர்த்து வெளியே தள்ளினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க பேரைப் பாக்கவா திருப்பினீங்க?"

"ஆமா தங்கச்சி."

"சின்ன எழுத்துலதானே அண்ணே போட்டிருந்தாங்க?"

"ரொம்பச் சின்ன எழுத்து."

"அதான் அவ்வளவு குனிஞ்சிருக்காரு." சிற்பிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தையல்காரி அடக்கவே முயலவில்லை, தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று நான் உற்றுப் பார்த்தேன். எனக்கும் ரசிகர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாப்பது வருஷம் உங்க பேரைப் படிச்சுட்டாரு அண்ணே. போதும். இனிமே இந்தப் பக்கம் திரும்பட்டும்."

6

முடிவுகள்.

முதல் முடிவு: சிற்பி கம்பெனியில் சண்டை போடுகிறாள், மேலாளர் மனம் உருகுகிறார், தலை இடது பக்கம் சாய்கிறது. (அந்த மேலாளரோடு நானே ஒருமுறை பேசினேன். பெட்டியின் அகலம் சொன்னார், நீளம் சொன்னார், வைத்துவிட்டார். உருகுகிற பொருள் அல்ல.)

இரண்டாம் முடிவு: தலை நேராகவே வருகிறது. தையல்காரி அதையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்தவர் பாவாடைக்கு ஓரம் அடிக்க— இதை எழுத என் கை வரவில்லை.

மூன்றாவது, வசனகர்த்தா ஊர் ஊராகப் போய் ரசிகர்களிடம் உண்மையைச் சொல்கிறார். (போனேன். ஒரே ஒரு ஊர். நான் பொய் சொல்கிறேன் என்று அடிக்க வந்தார்கள். உண்மையாகச் சொன்னதற்கு எனக்குக் கிடைத்த முதல் மரியாதை.)

நடந்தது இது. சென்ற செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பெட்டி வந்தது. கண்ணாடித் தாள் போட்ட மூடி, உள்ளே புதிய செவியன். வலது கை கால் இஞ்சுக்கு ஏற்ற மயிரிழை நீளம். தலை நேர். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அடியில் சிற்பி கைப்பட எழுதிய துண்டுச் சீட்டு:

"சார், நேரா வைக்கச் சொன்னாங்க, வெச்சுட்டேன். ஆடாம வைக்கச் சொல்லல. கழுத்துல சுத்தற மாதிரி ஒரு குண்டு வெச்சிருக்கேன். பெட்டியைப் பிரிச்சுத் திருப்பினா எந்தப் பக்கமும் சாயும். எல்லாப் பொம்மையிலயும் அப்படித்தான். அம்மாவுக்கும் ஒண்ணு அனுப்பிட்டேன்."

பெட்டியைப் பிரிக்கக் கூடாது என்பது பொம்மை சேர்ப்பவர்களின் முதல் வேதம். பிரித்துவிட்டால் அது சும்மா பொம்மை. ஆக, நேராக நிற்கும் செவியன்கள் அலமாரி அலமாரியாக, காது கேளாமல், கால் எடுத்து வைக்காமல் காத்திருப்பார்கள். பிரிக்கத் துணிந்தவர் வீட்டில் மட்டும் அவர் திரும்புவார்.

மத்தியானம் தையல்காரி பேசினாள்.

"அண்ணே, பிரிச்சாச்சா?"

"இன்னும் இல்ல தங்கச்சி. பெட்டி அழகா இருக்கு."

"நல்லா இருக்கும். பெட்டியோடயா அவரு குடித்தனம் பண்ணாரு?" பின்னால் கத்தரிக்கோல் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம். பிறகு, என்னிடம் இல்லை, தாழ்ந்த குரலில் வேறு யாரிடமோ, "ம்... ரெண்டடி வாங்க" என்றாள்.

நான் தொலைபேசியை ஓசைப்படாமல் வைத்துவிட்டேன்.

என்னுடைய பெட்டி இன்னும் மேசையில் இருக்கிறது. என் கையை நம்பி இதை விட எனக்கே பயம்; பழைய வழக்கத்தில், என் பெயர் இருக்கும் பக்கமாகத் திருப்பிவிடுவேன். ஆகவே உங்களிடம் தள்ளுகிறேன். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கிறது. மூடியைக் கிழித்த பிறகு இது விலைபோகாது, முன்னமே சொல்லிவிட்டேன்.

அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும்.