கூடத்துக்குள் வந்த பஸ்

மரகதம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட காலையில், அவள் ஏற வேண்டிய பஸ் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முன்சுவரைத் தள்ளிக்கொண்டு வந்து, கூடத்தை அடைத்து, சமையலறைக்குள் மூக்கை நீட்டியபடி நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை நடக்கிற வேலை அவளுக்கு மிச்சம்.

பாலத்து முக்கில் குடியிருப்பவர்களுக்கு இது பழகின விஷயம். அந்த வளைவில் திரும்ப மனமில்லாத வண்டிகள் நேரே யார் வீட்டுக்குள்ளாவது வந்துவிடும். ஆட்டோ வந்தால் காபி கொடுத்து அனுப்புவார்கள். லாரி வந்தால் இலை போட்டாக வேண்டும். அதற்காகவே அங்கே யாரும் முன்சுவரைக் கெட்டியாகக் கட்டுவதில்லை. வருகிறவர்களுக்கு அடிபடக் கூடாதல்லவா. எதிர்வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்ததிலிருந்து அவர்கள் குழாயடிப் பக்கமே வருவதில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

கண்டக்டர் காசிலிங்கம் படியில் நின்று, "வேலாம்பட்டி யாராச்சும் இருக்கா?" என்று கேட்டார். அது மரகதத்தின் அம்மா ஊர். அவள் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். மற்ற பயணிகள் இறங்கி, அவள் கணவன் சுப்புராஜிடம் சொல்லிக்கொண்டு, வேறு பஸ் பார்க்கப் போய்விட்டார்கள். மரகதம் அசையவில்லை. இறங்கினால் தன் வீட்டுக் கூடத்தில்தான் கால் வைக்க வேண்டும். போன சுருக்கில் திரும்பி வந்தவள் என்ற பேர் அவளுக்கு வேண்டாம்.

சுப்புராஜ் டைல்ஸ் கடையில் வேலை பார்த்தான். தங்கமான மனுஷன், ஆனால் பஸ் ஒத்துக்காது. சைக்கிளைத் தவிர எதில் ஏறினாலும் வயிற்றைப் புரட்டும். கல்யாணம்கூட இந்த ஊர் மண்டபத்திலேயே நடந்ததால், மாமியார் வீடு எந்தத் திசையைப் பார்த்திருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. போன வாரம் மரகதத்தின் தங்கைக்கு வளைகாப்பு. கண்டிப்பாக வருகிறேன் என்றவன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்து, பஸ்ஸைப் பார்த்ததும் திரும்பிவிட்டான். அங்கே வந்தவர்களெல்லாம் "மாப்பிள்ளை வரலையா?" என்று கேட்டார்கள். சிரித்துச் சிரித்துச் சமாளித்ததில் அவளுக்கு வாயே வலித்தது. அந்த வலிதான் இன்று பையைக் கட்டவைத்தது.

கோபித்துக்கொண்டு போனவளைக் கணவன் அவள் அம்மா வீட்டுக்கு வந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் அவள் திரும்புவாள். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். மரகதத்துக்கு என்ன சங்கடம் என்றால், அவள் இன்னும் போய்ச் சேரவில்லை. போய்ச் சேராதவளை எப்படிக் கூப்பிடுவது? கூப்பிடாமல் எப்படி இறங்குவது? அவன் வந்து கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. வரவே மாட்டானோ என்று பயமாகவும் இருந்தது.

பயணம் நீண்டது. வழியனுப்ப வந்தவனைப் போல சுப்புராஜ் ஜன்னலுக்கு வெளியே நின்று, தண்ணீர் பாட்டிலும் வெள்ளரிப்பிஞ்சும் வாங்கிக் கொடுத்தான். சமையலையும் அவனே பார்த்துக்கொண்டான். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சேர்த்து வடித்தான்.

"மல்லித்தூள் எங்க இருக்கு?" என்று ஒருநாள் ஜன்னலில் வந்து கேட்டான்.

"நான்தான் ஊருக்குப் போயிட்டேனே."

"போறதுக்கு முன்னாடி எங்க வச்ச?"

"அடுப்புக்கு மேல, நீல மூடி டப்பா."

அம்மா போன் செய்தாள். "எங்கடி வந்துக்கிட்டிருக்க?"

"இன்னும் எங்க வீட்டு ஹால்லதாம்மா."

"அந்தப் பக்கம் ரோடு சரியில்ல. மெதுவாவே வா."

ஒரு நாள் சாப்பிட்டுக் கைகழுவிய காசிலிங்கம், காலையில் கிரேன் வந்துவிடும் என்று சொன்னார். பஸ்ஸை வெளியே இழுத்துவிட்டால் அப்புறம் வேலாம்பட்டி ஒரு மூச்சில் போய்விடலாம். மரகதம் ஜன்னல் வழியே பார்த்தாள். சுப்புராஜ் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தான், அவள் துடைப்பது போலவே மூலையிலிருந்து ஆரம்பித்து. நாளைக்கு நிஜமாகவே போய்விடுவோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் வீம்பு அவளை எழுந்திருக்க விடவில்லை.

காலையில் கிரேன்காரர்கள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது, சுப்புராஜ் பின்கதவைப் பூட்டிவிட்டு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு எலுமிச்சம்பழம். படியைப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றவன், ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எங்க போறீங்க?"

"வேலாம்பட்டிக்கு. உன்னைக் கூப்பிட."

"நான் இன்னும் போய்ச் சேரலைங்களே."

"நீ சேரும்போது நான் அங்க இருக்கணும்ல. இல்லேன்னா மறுபடியும் எல்லாரும் உன்னைத்தான் கேப்பாங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது. நிற்கிற பஸ்தானே என்று நினைப்பவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியாது. மரகதம் எழுந்து, "நீங்க ஜன்னல் பக்கம் வாங்க" என்று இடம் மாறிக்கொண்டாள். பையிலிருந்து ஒரு பாலிதீன் கவரை எடுத்து விரித்துத் தயாராகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவன் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். கோபத்தில் அது கொஞ்ச நாள் கண்ணில் படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கிரேன் இழுத்தது. இத்தனை நாள் பழகிவிட்டதால் பஸ்ஸை வீடு விடவில்லை, கூடவே வந்துவிட்டது. கிரேன்காரர்கள் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள். டிரைவர் சமையலறை ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார். அடுத்த நிறுத்தத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், "வேலாம்பட்டி போகுமா?" என்று கேட்டாள்.

"போகும்மா," என்றாள் மரகதம். "செருப்பை மட்டும் கழட்டிட்டு ஏறு."

வேலாம்பட்டியில் அம்மா முன்சுவரை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வீடு வீட்டுக்குள் போய் மெதுவாக முட்டி நின்றது. சுப்புராஜ் கசங்கிய எலுமிச்சம்பழத்தோடு இறங்கி, மாமியாருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "மரகதம், வீட்டுக்கு வா," என்றான். அவளும் இறங்கி வந்தாள்.

"மாப்பிள்ளை வந்துட்டாரு," என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொன்னாள். அப்புறம் எத்தனை இலை போடுவது என்று காசிலிங்கத்தைக் கேட்டாள்.

"கொஞ்சம் சேர்த்தே போடுங்கம்மா," என்றார் அவர். "பின்னாடி பாலத்து முக்கு மொத்தமும் வந்துக்கிட்டிருக்கு."

அம்மா இன்னொரு படி அரிசியைக் களைந்து உலையில் போட்டாள்.