மஞ்சள் மாத்திரை

கர்ணன் லீவில் வந்தபோது மஞ்சளாக இருந்தான். முகம், கழுத்து, உள்ளங்கை, நகக்கண் எல்லாம் மஞ்சள். மொக்கம்மாள் மகனை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பார்த்தாள்.

"காமாலையோட வந்திருக்கானே ஏம் புள்ள."

"ஆத்தா, இது காமாலை இல்ல. மாத்திரை. எங்க பட்டாளத்துல எல்லாரும் இந்த நெறந்தான்."

"எல்லாருக்கும் வந்துட்டா அது காமாலை இல்லேன்னு ஆயிருமாடா?"

பவுனு உள்ளே நின்று பார்த்தாள். கர்ணன் அவளுக்கு அத்தை மகன், புருஷன். கல்யாணமாகி மூன்று மாதத்தில் பட்டாளத்துக்குப் போனவன், இரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறான். அந்த ஊரிலிருந்து நாலு பேர் போயிருந்தார்கள். இரண்டு பேருக்குச் சாவுத் தந்தி வந்துவிட்டது. ஒருவனைப் பற்றித் தகவலே இல்லை.

அவன் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. பவுனு அதைக் கவனித்தாள். மாமியாரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மொக்கம்மாள் அவனை ஓடைப்பட்டிக்கு இழுத்துப் போனாள். சின்னச்சாமி வைத்தியர் அவன் கையில் பச்சிலைச் சாற்றைத் தேய்த்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவச் சொன்னார். தண்ணீர் மஞ்சளானது. அவரிடம் யார் போய்க் கழுவினாலும் மஞ்சளாகும் என்று ஊரில் கேலி பேசுகிறவர்கள் உண்டு. மொக்கம்மாள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தவள் இல்லை.

காலையில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து குடிக்க வேண்டும். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது. வேறு மருந்து எதுவும் வாயில் படக் கூடாது.

"ரெண்டு மருந்து ஒரு வயித்துல சேந்துச்சுன்னா ஆளை முடிச்சிரும்" என்றார் வைத்தியர்.

கர்ணன் தலையை ஆட்டினான். தினமும் அம்மா முன்னால் உட்கார்ந்து மோரைக் குடித்தான். பிறகு மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் போய்த் தகர டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டான்.

பவுனு அதைப் பார்த்துவிட்டாள்.

"அத்தைக்குத் தெரிஞ்சா ஒங்களக் கொன்னுருவாக மாமா."

"சப்பான்காரனே கொல்லல. ஆத்தாவா கொல்லப் போறா?"

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார்கள். அவன் மடை திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தான். அவள் கேட்டாள்.

"அப்பிடி என்ன இருக்கு அதுல?"

"மலைக்காய்ச்சல் வராது."

"அதுக்குத் தபாலாபீசுல விக்கிற கொய்னாப் பொடிதான?"

"கொய்னா எங்கருந்து வந்துச்சுன்னு நெனச்ச? தபாலாபீசுல காய்ச்சுத் தொங்குச்சா? எல்லாம் ஜாவாவுலருந்து. அதச் சப்பான்காரன் பிடிச்சான், அன்னைக்கே போச்சு."

பவுனுவின் தம்பி போன ஐப்பசியில் அந்தக் காய்ச்சலில்தான் செத்திருந்தான். நாலு தபாலாபீஸ் ஏறி இறங்கியும் ஒரு பொட்டலம் கிடைக்கவில்லை. இருப்பதெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்றார்கள். ஜாவா எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே நடந்த சண்டை தன் வீட்டுக்குள் வந்துபோயிருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

"மொதல்ல பர்மாவுல தோத்து ஓடி வந்தமே, அப்பக் குண்டுல செத்தவன விடக் காய்ச்சல்ல செத்தவன் அதிகம்" என்றான். "இப்ப வெள்ளக்காரன் இத மிஷினுல செய்றான். காலைல வரிசையில நிக்க வச்சு வாயில போடுவாக. முழுங்குனமான்னு அவில்தார் நாக்கத் தூக்கச் சொல்லிப் பாப்பாரு. அதனாலதான் மழைக்காலத்துலயும் காட்டுக்குள்ள கெடக்கோம். ஜாவா கையில இருந்தும் சப்பான்காரனுக்குக் காட்டுக்குள்ள மருந்து வந்து சேரல. அவன் ஆளுக நடுங்கிக்கிட்டே சாகுறாக."

"அப்ப நம்ம ஆளுக செயிக்கிறாக."

"ஆமா."

அவன் ஒரு மண்கட்டியை எடுத்து உடைத்தான்.

"மாசியில சப்பான்காரன் எங்களச் சுத்தி வளச்சுட்டான். நாலு பக்கமும். முன்னயா இருந்தா பொழைக்கிறவன் பொழைக்கட்டும்னு ஓடிருப்போம். இந்தத் தடவ வெள்ளக்காரன் ஏரோப்ளேன் வந்துச்சு. குடை கெட்டி அரிசி போட்டான். துப்பாக்கிக்குக் குண்டு போட்டான். மாத்திரையும் போட்டான். அங்கனயே கெடன்னுட்டான். சோறு வந்துக்கிட்டே இருந்தா ஓட முடியாது பவுனு. காய்ச்சல் வந்தாலாவது தூக்கிட்டுப் போவாக. அதுவும் வராது."

மடையில் தண்ணீர் நிறைந்து வரப்பில் வழிந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

"நிறுத்திட்டா?"

"எத?"

"மாத்திரைய."

"காய்ச்சல் ஒடம்புக்குள்ள ஒறங்கிக்கிட்டு இருக்கு. நிறுத்துனா எந்திரிச்சிரும்."

"காய்ச்சக்காரனப் பட்டாளத்துக்கு வண்டியேத்த மாட்டாக."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"ஒந்தம்பி எதுல செத்தான்?" என்றான்.

அவள் நினைத்துப் பார்த்தாள். தம்பி செத்தான். ஆனால் அதே மாதம் காய்ச்சலில் விழுந்த பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் பிழைத்து நாற்று நடுகிறாள். தெருவுக்கு நாலு பேர் பிழைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குப் போனவர்களில் அப்படிச் சொல்ல ஒருவன்தான் இருந்தான். அவன் இதோ உட்கார்ந்திருக்கிறான். லீவு முடிந்தால் போய்விடுவான்.

இரண்டு நாள் அவள் அதையே எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் மொக்கம்மாள் அம்மியில் கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பத்தியம் இருந்தும் மஞ்சள் கொறயலயே" என்றாள்.

"அத்தே" என்றாள் பவுனு. "அவுக வேற மருந்து தின்றாக. பொட்டிக்குள்ள தகர டப்பாவுல இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மொக்கம்மாள் பெட்டியைத் திறந்தாள். டப்பாவோடு நேரே வாய்க்காலுக்குப் போனாள். கர்ணன் பின்னால் ஓடினான். அவன் போய்ச் சேருவதற்குள் அவள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். கடைசி மாத்திரை விழும்வரை தட்டினாள்.

"ஆத்தா!"

"என்னைய அடி. அடிச்சிட்டுப் போ. ஒனக்குக் கொள்ளி போட நான் பெறல."

அவன் கரையில் நின்றான். தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அவன் இறங்கித் தேடவில்லை.

இரவு பவுனுவிடம் சொன்னான். "நாளைக்கே கெளம்பணும். பட்டாளத்து டிப்போவுக்குப் போனா மாத்திர தருவாக."

"சரி."

"லேட்டாச்சுன்னா காய்ச்சல் வந்துரும்."

"சரி மாமா."

காலையில் எழுந்து கலப்பையை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனான். மறுநாளும் போனான். டிப்போவைப் பற்றி யாரும் பேசவில்லை.

மஞ்சள் மெல்ல இறங்கியது. முதலில் முகம் வெளுத்தது. பிறகு கை. மொக்கம்மாள் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். ஓடைப்பட்டி வைத்தியருக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்துவிட்டாள். பத்தியம் முறிக்கக் கோழி அடித்தாள்.

"உப்பு போதுமாடா?"

"போதும் ஆத்தா."

பவுனு அவனைப் பார்த்தபடி இருந்தாள். அவன் கொட்டாவி விட்டால் திரும்பினாள். தோளைக் குறுக்கினால் திரும்பினாள். வந்துவிட வேண்டும் என்று நினைத்தாள். வரக் கூடாது என்றும் நினைத்தாள். தூங்கும்போது அவன் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். சூடு இல்லை என்றால் ஒரு பயம். கொஞ்சம் சூடு தெரிந்தால் வேறு பயம்.

ஒரு மத்தியானம் நாற்றங்காலில் அவனுக்குக் குளிரில் பல் கிட்டியது. நல்ல வெயில். கம்பளி கேட்டான். வீட்டிலிருந்த துணியெல்லாம் போட்டு மூடினார்கள். நடுக்கத்தில் கட்டில் ஆடியது. பிறகு உடம்பு கொதித்தது. பிறகு வேர்த்து ஊற்றி எழுந்து உட்கார்ந்தான். கஞ்சி குடித்தான்.

"காமாலைதான் போயிருச்சே. இது எங்கருந்து வந்துச்சு?" என்றாள் மொக்கம்மாள்.

பவுனு கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒருநாள் விட்டு மறுபடி வந்தது. நிலவேம்புக் கசாயம் கொடுத்தார்கள். மூன்றாவது முறை வந்தபோது அவனுக்குப் பேச்சு குழறியது. பவுனுவை யாரென்று கேட்டான். அவள் தம்பியும் சாவதற்கு முன் அப்படித்தான் கேட்டான்.

அவள் ஓடினாள். தபாலாபீஸில் கையை விரித்தார்கள். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் அவள் சொன்னதை நின்று கேட்டார்.

"பட்டாளத்துக்காரரா?"

"ஆமாங்கய்யா."

"இங்க மருந்து இல்லம்மா. வாரத்துக்கு நாலு பேரு சாகுறாக, நான் என்ன செய்ய? மதுரைக்குக் கொண்டுபோ. அங்க பட்டாளத்து ஆஸ்பத்திரி இருக்கு. அவுகளுக்குக் குடுப்பாக."

"குடுத்துட்டு வீட்டுக்கு விடுவாகளா?"

கம்பவுண்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. "எந்திரிச்சதும் பட்டாளத்துக்கு அனுப்பிருவாக. பயப்படாத" என்றார்.

மதுரைக்கு ரயில் இல்லை. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெட்ரோலும் இல்லை. பின்னால் கரி உலை கட்டி, அந்தப் புகையில் ஓட்டும் பஸ் ஒன்று இருந்தது. பவுனு வண்டி பூட்டி அவனை உத்தமபாளையத்துக்குக் கொண்டு வந்து அதில் ஏற்றினாள். மொக்கம்மாள் வரவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

தேனி தாண்டியதும் கர்ணனுக்கு வேர்த்தது. கண்ணைத் திறந்தான்.

"எங்க போறோம்?"

"மதுரைக்கு. பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு."

அவன் ஜன்னல் வழியே பார்த்தான். காய்ந்த கரிசல். அதற்கப்பால் மலை.

"நாந்தான் அத்தைகிட்டச் சொன்னேன்" என்றாள்.

"தெரியும்."

"எப்பிடி?"

"ஆத்தாவுக்கு யாரு சொல்லிருப்பா? மாடா?"

அவள் முந்தானையால் அவன் கழுத்தைத் துடைத்தாள். அவன் கையைத் தள்ளவில்லை.

"டப்பாவக் கவுத்தப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு" என்றான். கொஞ்சம் கழித்து, "இன்னும் லீவு மிச்சம் இருந்துச்சு புள்ள. அதையாவது ஒங்கூட இருந்திருப்பேன்" என்றான்.

ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் பஸ் திணறியது. உறுமிவிட்டு நின்றது. கிளீனர் இறங்கி உலையைக் கிளறினான். புகை பஸ்ஸுக்குள் வந்தது.

"ஆம்பளைக எல்லாம் எறங்கித் தள்ளுங்கப்பா" என்றார் டிரைவர். "இல்லேன்னா இங்கனயே சமைச்சுச் சாப்பிட வேண்டியதுதான்."

"டிக்கெட்டுக்குக் காசும் வாங்கிக்கிட்டுத் தள்ளவும் சொல்றியேப்பா" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

பவுனு கர்ணனின் தலைக்கடியில் துணிமூட்டையை வைத்தாள். இறங்கிப் பின்பக்கம் போனாள். உலைக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

"நீ எதுக்குத்தா? போயி உக்காரு" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"ஏம் புருசன் உள்ள கெடக்காக."

"அது சரி. சீக்கிரம் போயிரலாம். கவலப்படாத."

கை வைத்த தகரம் சுட்டது. டிரைவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் தள்ளினார்கள். வண்டி நகர்ந்து, பின்னால் வழுக்கி, நின்றது. யாரோ சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள்.

கையை எடுத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. மலைக்கு இந்தப் பக்கம் இருந்தால் அவன் அவளோடு இருப்பான். அடுத்த காய்ச்சல் வரும் நாள்வரை இருப்பான்.

"இன்னொருக்கா" என்றார் டிரைவர்.

பவுனு சேலையை இழுத்துச் செருகினாள். தோளைக் கொடுத்துத் தள்ளினாள். வண்டி மேலே நகர்ந்தது.