வீட்டிலிருந்து போன கோடு

இரண்டு கிழமையாக நான் கொம்பியூட்டரில் கையால் திருத்திய பக்கங்களை, அலுவலகப் பொறுப்பாளர் பளீல் சேர் பொத்தானின் ஒரே அமுக்கில் அழித்துவிட்டார். அதுவும் நிவாரணப் பட்டியல் பகல் பன்னிரண்டுக்குக் கொழும்புக்குப் போகவேண்டிய நாளில்.

"டெலிபோன் நம்பருக்கு ஒரு பெட்டிதான் சேர்த்தன், நதீரா," என்றார். வந்த கோபத்துக்கு மேசையைப் புரட்டியிருப்பேன்.

தொண்ணூற்றொன்பதில் கல்முனையில் எங்கள் நிவாரண அலுவலகத்துக்குப் புதினமான ஒரு முறை வந்திருந்தது. வெள்ளத்தில் உடைந்த வீடுகளைப் பதிய இணையப் பக்கங்கள் வேண்டும். ஆனால் யாரும் அவற்றை எழுதத் தேவையில்லை. வீடு, கணவன், மனைவி என்று பெட்டிகள் வரைந்து கோடு இழுத்தால், கொம்பியூட்டரே அந்தப் படத்தைப் பார்த்துப் பக்கங்களைச் செய்துவிடும். படத்தை வரைந்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள். வீட்டின் உரிமையாளரைக் காட்ட வீட்டிலிருந்து போன கோடு கணவனில் முடிந்தது. எங்களூரில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக்கொடுப்பது. மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். படத்தின் கோடுகளைத் தொடக்கூடாது என்று கொழும்பின் உத்தரவு இருந்ததால் நான் பக்கங்களைத் திருத்தினேன். படத்திலிருந்து மறுபடி செய்தால் என் திருத்தம் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்தும், ஏச்சுக்குப் பயந்து சேரிடம் மறைத்தேன். அது தெரியாமல்தான் அவர் படத்தில் பெட்டியைச் சேர்த்து மறுபடி செய்தார். பிழை என்னுடையதுதான்.

வெள்ளத்தில் கூரை போன றுகையா ராத்தா, தன் பதிவைப் பார்க்க வந்து, கதவடியில் திரையை எட்டிப் பார்த்தபடி நின்றார். அவரைக் கைவிட்டு வேறு ஊரில் கலியாணம் முடித்தவனின் பெயர் இப்போது பட்டியலில் அவர் வீட்டுக்கு நேரே இருந்தது. கூரைக்கு வரும் உதவியும் அவனுக்குத்தான் போகும்.

"என்ட வாப்பா எனக்கெண்டு கட்டின ஊடு மகள்," என்றார். "அவன்ட பேர் எப்பிடி வந்த?"

நான் படத்தைத் திறந்தேன். "சேர், இதையே மாத்தப்போறன்."

"விசரா உனக்கு? வேலை போயிரும்!"

"போகட்டும் சேர்."

கோட்டின் முனையைக் கணவனிலிருந்து கழற்றி மனைவியில் வைத்தேன். பக்கங்களை மறுபடி செய்யும் பொத்தானை அமுக்கினேன்.

ஆயிரத்து இருநூறு வீடுகளும் மனைவியரின் பெயருக்கு மாறி வந்தன. றுகையா ராத்தாவின் பெயரும் வந்தது. சேர் பட்டியலை வேகமாகக் கீழே இழுத்துப்போய் ஓரிடத்தில் நிறுத்தினார். இருபது வருஷமாக அவர் குடியிருக்கும் வீடு அது. சற்றுமுன் அவர் பெயர் இருந்த இடத்தில் இப்போது அவர் மனைவி உம்முவின் பெயர் இருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம்.

"அனுப்பவா சேர்?"

அவர் டெலிபோனிலிருந்து வயரைக் கழற்றினார். பட்டியல் போக அதை மோடத்தில் செருகவேண்டும். செருகவில்லை, திரையைப் பார்த்தபடி கையிலேயே வைத்திருந்தார். றுகையா ராத்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சேரின் கதிரைக்குப் பின்னால் நின்றார்.